கோச்சி ரோட்டில் நடக்கும் பிள்ளைகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து கொட்டகலைக்குப் போகும் பஸ் வீதி மலையைச் சுற்றி வளைந்து செல்கிறது. ரயில் பாதையோ சிங்கமலைச் சுரங்கத்தின் வழியாக அதே மலையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுகிறது. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளமான அந்தச் சுரங்கத்தினுள் கால்நடையாக நுழைவது சட்டப்படி குற்றம் என்பதும், ரயில் வந்தால் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் நிம்மதியாக நிற்க இடமில்லை என்பதும் அப்பகுதியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியாதவை அல்ல. ஆயினும் நாவலப்பிட்டியிலிருந்து பதுளை வரை ரயில் பாதையை ஒட்டியுள்ள தோட்டங்களில், பாடசாலைக்கும் கடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் தண்டவாளத்தின் வழியே நடந்து போகிறவர்களை எந்த நாளிலும் காணலாம். முதியவர்கள் அந்த வழியைக் 'கோச்சி ரோட்டு' என்பார்கள்; கோச்சி என்றால் ரயில். ரோட்டு என்று அழைக்கப்படும் ஒன்றில் நடப்பது அத்துமீறல் என்று எழுதி ஒட்டப்படும் அறிவித்தல் ஏன் யாருடைய காலையும் நிறுத்துவதில்லை என்பதை அந்தப் பெயரே பாதி விளக்கிவிடுகிறது.

மீதிப் பாதியை விளக்குவதற்கு, சட்டம் ஒரே சொல்லால் குறிக்கும் இரண்டு செயல்களை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். வீடு போய்ச் சேர வேறு நல்ல வழியில்லாததால் தண்டவாளத்தில் நடப்பது ஒன்று. படம் எடுப்பதற்காகவோ, நண்பர்கள் முன் துணிச்சலைக் காட்டுவதற்காகவோ தண்டவாளத்திலும் பாலத்திலும் ரயிலின் மிதிபலகையிலும் நிற்பது மற்றொன்று. முதலாவது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். இரண்டாவது கைத்தொலைபேசியில் கெமரா வந்த பிறகு பெருகியது. இவ்விரண்டும் இன்று ஒரே இளைஞனிடம் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதும், முன்னவர்களிடம் அந்தப் பழக்கத்தோடு சேர்ந்திருந்த ஓர் அறிவு மட்டும் இவனிடம் வந்து சேரவில்லை என்பதும்தான் இப்போதைய ஆபத்தின் வேர் என்பது என் கணிப்பு.

பாதையின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையிலான முதல் ரயில் 1864 டிசம்பரில் ஓடியது. 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய பாதை, 1924இல்தான் பதுளையை அடைந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லத் திட்டமிடப்பட்ட இந்தப் பாதை, இலைநோயால் கோப்பி அழிந்த பின்னர் தேயிலைக்காக மேலும் மேலும் மலையேறியது. ஊரிலிருந்து ஊருக்குப் போவோரை விட, தொழிற்சாலையிலிருந்து துறைமுகத்துக்குப் போகும் பெட்டிகளே அதைப் போட்டவர்களின் கணக்கில் முக்கியமாக இருந்தன. ஆகவே அது தோட்டங்களின் ஓரமாகவும், பல இடங்களில் அவற்றின் நடுவாகவும் சென்றது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில், மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் இடையில் தண்டவாளம் ஓடும் தோட்டங்கள் உண்டு. லயத்தின் கதவைத் திறந்தால் சில அடிகளில் தண்டவாளம் என்றிருக்கும் இடங்களும் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் உழைப்பு மண்ணை வெட்டியதிலும் பாறையைப் பிளந்ததிலும் பெருமளவு கலந்திருக்கிறது. தம் முன்னோர் வெட்டிய வழியில் நடக்கக் கூடாது என்று சொல்லும்போது, கேட்பவர் முகத்தில் ஒரு சிறு புன்னகை வருவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆனால் உணர்ச்சியை விடவும் வலுவான காரணம் சரிவுதான். மலையகப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1 ஆகும். அதாவது 44 மீட்டர் போனால் ஒரு மீட்டர் மட்டுமே உயரும். தோட்டத்துக் குறுக்குப் பாதைகளோ தேயிலை வரிசைகளுக்கிடையே படிபடியாக வெட்டப்பட்டவை. மழைக்காலத்தில் அவை வழுக்கும், அட்டை கடிக்கும், பையைச் சுமந்த சிறுபிள்ளைக்கு மூச்சு வாங்கும். தோட்ட வீதிகள் லொறி ஏறுவதற்காகக் கொண்டையூசி வளைவுகளாக நீண்டு கிடக்கின்றன. இந்த மலைகளில் ஓரளவு சமமான, சேறில்லாத, எங்கும் அறுபடாத ஒரே வழி தண்டவாளம்தான். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடி 1940களில் மூடப்பட்ட குறுகிய ரயில் பாதையை நினைத்துப் பார்த்தாலும் இது விளங்கும்: ரயிலுக்காக ஒருமுறை சமப்படுத்தப்பட்ட நிலத்தை மனிதர்கள் எளிதில் கைவிடுவதில்லை. ஆகவே தண்டவாளத்தில் நடக்கும் பிள்ளையை அறியாமை உள்ளவன் என்று கருதித் தொடங்கும் எந்த அறிவுரையும் தவறான இடத்தில் தொடங்குகிறது. அவன் செய்வது, தன் கால்களின் கணக்கில், மிகவும் அறிவுபூர்வமான தெரிவு.

அந்தத் தெரிவை அவனுடைய தாத்தாவின் தலைமுறை எப்படிக் கையாண்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கடிகாரம் அரிதாக இருந்த லயங்களில் ரயிலே கடிகாரமாக இருந்தது. எந்த ரயில் எத்தனை மணிக்கு மேலே போகும், எது கீழே இறங்கும், இரண்டும் எந்த ஸ்டேசனில் ஒன்றையொன்று கடக்கும் என்பது சமையல் செய்யும் பெண்களுக்கும் தெரிந்திருந்தது. "பொடி மெனிக்கே போயிருச்சு, இனி பயமில்ல" என்று ஒரு ரயிலின் பெயரைச் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தண்டவாளத்தில் அனுப்பிய தாய்மார் கவனமில்லாதவர்கள் அல்லர். ஒரு நேரசூசியை மனத்தில் வைத்திருந்தவர்கள். சுரங்கத்துக்கு முன்னால் நின்று காது கொடுப்பது, வளைவில் உட்புற ஓரத்தை விட்டு நடப்பது, பாலத்தில் ஒருபோதும் உட்காராதிருப்பது என்பன போன்ற எழுதப்படாத விதிகளும் இருந்தன. ரயில் பாதைப் பராமரிப்பில் வேலை செய்த தமிழர் குடும்பங்கள் வழியாக இவற்றில் பல லயங்களுக்குள் பரவியிருக்க வேண்டும்.

இந்த அறிவும் முழுமையான பாதுகாப்பைத் தந்ததில்லை. அப்போதும் விபத்துகள் நேர்ந்தன. இன்றைக்கு அது மேலும் பலவீனமாகிவிட்டது. ரயில்கள் பல மணிநேரம் தாமதமாவது வழமையாகிவிட்ட பிறகு, கடந்து போக வேண்டியது கடந்து போயிற்றா என்பதை நேரத்தை வைத்துச் சொல்ல முடியாது. எரிபொருளோ பொருட்களோ ஏற்றிய ரயில்கள், தனியே ஓடும் எஞ்சின்கள், பாதையைப் பரிசோதிக்கும் ட்ரொலிகள், விடுமுறைக் காலத்து விசேட ரயில்கள், எல்ல ஒடிசி போன்று சுற்றுலாப் பயணிகளுக்காகப் பின்னர் சேர்க்கப்பட்ட சேவைகள் ஆகியவை தாத்தாவின் மனப்பாடத்தில் இல்லை. மேலும் றம்புக்கனைக்கு அப்பால் மலையேறும் பாதை ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் இரு திசைகளிலிருந்தும் ரயில் வரும். மேலே போகும் ரயிலை எதிர்பார்த்து முன்னோக்கிக் கண் வைத்திருப்பவரைப் பின்னாலிருந்து இறங்கி வரும் ரயில் அணுகலாம். காதில் இயர்போன் செருகி, கண்ணைத் திரையில் வைத்திருக்கும் பதினேழு வயதுப் பையன், நேரசூசியும் இல்லாமல், காதும் இல்லாமல், "நாங்கள் எப்போதும் இந்த வழியாகத்தானே போகிறோம்" என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு அதே வழியில் நடக்கிறான்.

ரயில் மெதுவாகத்தானே வருகிறது, ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது இங்கு அடிக்கடி கேட்கும் வாதம். மெதுவாக வருகிறது என்பது உண்மை. ஆனால் மலைப்பாதையில் வேகத்தை விடப் பார்வைத் தூரமே முடிவைத் தீர்மானிக்கிறது. மலையகப் பாதையின் மிக நெருக்கமான வளைவுகள், பழைய நீள அளவில் சொன்னால், ஐந்து சங்கிலி ஆரம் கொண்டவை. ஏறத்தாழ நூறு மீட்டர். அத்தகைய வளைவு ஒன்றின் உட்புறம், பாதையின் நடுவிலிருந்து மூன்று மீட்டரில் பாறைச் சுவர் நின்றால், முன்னே தெரியும் தூரம் சுமார் 50 மீட்டர் மட்டுமே என்று எளிய வடிவியல் கணக்கு சொல்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல். ஆக, சாரதி தண்டவாளத்தில் ஒருவரைக் காணும் கணத்திலிருந்து ஆறு நொடிகள். கண்டதை மூளை ஏற்று, கை பிரேக்கை இழுத்து, அந்த விசை கடைசிப் பெட்டி வரை பரவுவதற்குள் அதில் பாதி கழிந்துவிடும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருள்வதால் உராய்வு குறைவு. மழையில் நனைந்தால் இன்னும் குறைவு. ரயில் இறக்கத்தில் வந்தால் அதன் எடையே அதை முன்னுக்குத் தள்ளும். சாரதி ஹோர்ன் அடிப்பது, தன்னால் நிறுத்த முடியாது என்பதை அறிவிப்பதற்காகவும்தான்.

வளைவில் இன்னொரு பொறி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. இலங்கையின் அகலப் பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரம் 1,676 மில்லிமீட்டர். பெட்டியின் உடல் அதைவிட அகலமானது. இருபுறமும் அரை மீட்டருக்கு மேல் வெளியே நீண்டிருக்கும். நேர்ப்பாதையில் இந்த அளவு மாறாது. வளைவிலோ, நீண்ட பெட்டி வளைய முடியாமல் ஒரு நேர்க்கோலைப் போலத் தண்டவாளத்தின் மேல் கிடப்பதால், அதன் நடுப்பகுதி வளைவின் உட்புறமாக ஏறத்தாழ ஒரு சாண் மேலும் தள்ளி நிற்கும். இரு முனைகளும் வெளிப்புறமாகத் தள்ளும். எஞ்சினின் முன்பகுதி தன்னைத் தொடாமல் போனதைக் கண்டு நிம்மதியடைந்து அதே இடத்தில் நிற்பவரை, பின்னால் வரும் பெட்டியின் நடுப்பகுதியோ, கதவில் தொங்குபவரின் காலோ அடித்துவிட முடியும். உட்புற ஓரத்தில் நடக்காதே என்ற பழைய விதியின் பின்னால் இருந்த பொறியியல் இதுதான். அதைச் சொன்னவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருக்காது. யாரோ அடிபட்டதைப் பார்த்திருப்பார்கள்.

கண்ணும் காதும் செய்யும் ஏமாற்றும் சேர்ந்துகொள்கிறது. ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ரயில் கடவை விபத்துகளை ஆராய்ந்து 1985இல் முன்வைத்த கருத்துப்படி, பெரிய பொருட்கள் உண்மையில் வருவதைக் காட்டிலும் மெதுவாக வருவதாகவே மனிதக் கண்ணுக்குத் தோன்றுகின்றன. நேர் எதிரே வரும் ரயில் இடம் மாறுவதாகத் தெரியாது. அதன் உருவம் பெரிதாவது ஒன்றே அசைவின் அடையாளம், அந்தப் பெருக்கமும் கடைசி நொடிகளில்தான் திடீரெனக் கூடும். கெமராத் திரையில் பார்க்கும்போது நிலைமை இன்னும் மோசம். கைத்தொலைபேசியின் முன்பக்க வில்லை அகலக் கோணம் உடையது. பின்னணியில் உள்ளதை அது சிறிதாகவும் தொலைவாகவும் காட்டும். தண்டவாளத்துக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுப்பவர், ரயில் எங்கே இருக்கிறது என்பதை அந்தத் திரையை நம்பியே தீர்மானிக்கிறார். ஒலியைப் பொறுத்தவரை, மலைச்சரிவுகள் அதை எதிரொலித்துத் திசையைக் குழப்புகின்றன. ஏற்றத்தில் உறுமி வரும் எஞ்சின் இறக்கத்தில் அவ்வளவு உறுமுவதில்லை. ஹட்டன், நானுஓயாப் பக்கத்தில் தென்மேல் பருவ மழைக் காலத்திலும், ஹப்புத்தளைப் பக்கத்தில் ஆண்டின் இறுதி மாதங்களிலும் இறங்கும் பனிமூட்டத்தில், சாரதிக்கும் நடப்பவருக்கும் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பே குறைந்துவிடுகிறது.

இனி இரண்டாவது செயலுக்கு வருவோம். வயதுவந்தவர்கள் இதைத் திமிர் என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகிறார்கள்; ஆய்வுகள் அவ்வளவு சுருக்கமாகப் பேசவில்லை. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டு ஒன்றைப் பதின்வயதினரும் இளைஞரும் பெரியவர்களும், சிலர் தனியாகவும், வேறு சிலர் சமவயதினர் பார்த்திருக்கவும் ஆடினர். நண்பர்கள் பார்க்கும்போது பதின்வயதினர் எடுத்த ஆபத்து மிகத் தெளிவாகக் கூடியது. 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் காணப்படவில்லை. ஆபத்தை அறியாததால் அன்று, பார்ப்பவர் இருப்பதால் அந்த வயது துணிகிறது என்பது இதிலிருந்து கிடைக்கும் விளக்கம். முன்பு பார்ப்பவர் நாலைந்து பேர். அவர்கள் கலைந்து போனால் மேடையும் கலைந்தது. கைத்தொலைபேசி வந்த பிறகு பார்ப்பவர் கலைவதே இல்லை. தனியாகப் பாலத்தில் நிற்கும் பையனும் தனியாக இல்லை.

கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்க்கும் தோட்டத்து இளைஞர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் திரும்பும் நாட்களில் இது கூர்மையடைகிறது. உள்ளே கால் வைக்க இடமில்லாத ரயிலில் மிதிபலகையே இருக்கையாகிறது; முதலில் கட்டாயத்தால் தொங்கியவர்கள், ஹட்டனைத் தாண்டிக் கூட்டம் குறைந்த பின்னும் தொங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். வெட்டிய பாறைகளும், சுரங்கத்தின் வாயும், சமிக்ஞைக் கம்பங்களும் பெட்டியிலிருந்து எவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்பது வெளியே சாய்ந்து முன்னோக்கிப் பார்ப்பவருக்குத் தெரியும். பின்னோக்கிச் சாய்ந்து படம் எடுப்பவருக்குத் தெரியாது. ஏற்றத்தில் ரயில் தளரும் இடங்களில் ஓடி ஏறுவதும் குதித்து இறங்குவதும் வேறு. ஸ்டேசன் தொலைவில், வீடு பக்கத்தில் என்றிருக்கும்போது அது முதலில் வசதியாகத் தொடங்கி, பிறகு வித்தையாகிவிடுகிறது. விடுமுறை நாளில் ஊர் வந்தவர்கள் புதுச் சட்டையோடு கூட்டமாகப் போய்ப் படம் எடுக்கும் இடமும் பெரும்பாலும் தண்டவாளம்தான். பூங்காவோ மைதானமோ இல்லாத தோட்டத்தில் அழகான பின்னணி வேறெங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள, 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இந்த இரட்டை நிலையை ஒரே காட்சியில் காட்டுகிறது. சுமார் 90 மீட்டர் நீளமான அந்தப் பாலத்தில் நடப்பதற்கென்றே உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள். எல்லவிலிருந்து தண்டவாளத்தின் வழியே அங்கு நடந்து போவதை ஓர் அனுபவமாகவே பயணக் குறிப்புகள் எழுதுகின்றன. கதவில் கைபிடித்துத் தேயிலைச் சரிவின் மேல் சாய்ந்து நிற்கும் பெண்ணின் படம், இலங்கை என்றதும் இணையத்தில் முதலில் வரும் படங்களில் ஒன்று. அப்படிச் சாய்ந்து விழுந்து வெளிநாட்டவர்கள் இறந்த செய்திகளும் வந்திருக்கின்றன. அதே பாலத்தருகே இளநீர் விற்கும், வழிகாட்டும் உள்ளூர்ப் பையனுக்கு, தண்டவாளத்தில் நிற்பது குற்றம் என்று கற்பிக்க எந்த ஆசிரியரால் முடியும்? நாடே விலைக்கு வைக்கும் காட்சியில் தானும் ஒருமுறை நிற்க அவன் விரும்புகிறான், அவ்வளவே.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1902ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ரயில்வே கட்டளைச் சட்டம் அனுமதியின்றி ரயில் பாதைக்குள் புகுவதைக் குற்றமாக்குகிறது. ரயில்வே பாதுகாப்புச் சேவையும் பொலிஸாரும் அவ்வப்போது நடவடிக்கை எடுக்கிறார்கள். ஆனால் கொழும்பிலிருந்து பதுளை வரை 290 கிலோமீட்டர் நீளும் பாதையை, அதிலும் காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடக்கும் பகுதியை, ஆள் வைத்துக் காக்க முடியாது. வேலியிட்டால் அடுத்த கிழமை அதில் ஒரு வாசல் திறந்திருக்கும். அபராதம் எளிதில் பிடிபடுபவரையே பிடிக்கும். அது வேலை முடிந்து தலையில் விறகோடு தண்டவாளத்தில் வரும் பெண்ணாக இருப்பதற்கும், வளைவில் ஒரு நிமிடம் நின்று படம் எடுத்து ஓடிவிடும் இளைஞனாக இல்லாதிருப்பதற்கும் வாய்ப்பு அதிகம். நடப்பவருக்குத் தேவை, தண்டவாளத்தின் ஓரமாகச் சற்று விலகிச் செல்லும் ஒற்றையடிப் பாதையும், ஓடைகளில் சிறு நடைபாலங்களும். ரயில்வே திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் பிரதேச சபையும் பொறுப்பை ஒன்றின் மேல் ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும் வரை அவை கிடைக்காது. நிற்பவருக்கு அந்தப் பாதையால் பயனில்லை. அவரிடம் பேசக்கூடியவர் பெரும்பாலும் அவருடைய வயதுடைய நண்பர் ஒருவரே. கெமராவைப் பிடித்திருப்பவரும் அவரே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகப் பாதை பல இடங்களில் மண்சரிவால் மூடியும், அடிமண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியும் போனது, ரயில்கள் நின்றன. வீதிகளும் உடைந்திருந்த நாட்களில், வெளியே வர எஞ்சியிருந்த வழிகளில் தண்டவாளமும் ஒன்று. ரயிலே வராத தண்டவாளத்தில் நடப்பதில் ஆபத்தில்லை என்று தோன்றலாம். சரியும் மண்ணை விட்டுப் பார்த்தால் அது பெருமளவு உண்மையும்கூட. ஆனால் ஒரு பிள்ளையின் காதிலிருந்து ஹோர்ன் ஒலியை எதிர்பார்க்கும் பழக்கம் கழன்று போவதற்குச் சில மாதங்கள் போதும். இப்படி நின்றுபோன ஒரு பாதை திரும்பத் திறக்கப்படும்போது முதலில் வருவது, எல்லோரும் அறிந்த நேரத்தில் எல்லோரும் அறிந்த ஒலியோடு வரும் பயணிகள் ரயில் அல்ல. திருத்த வேலைக்குக் கல்லும் சிலிப்பர்கட்டையும் ஏற்றி, எந்த நேரசூசியிலும் இல்லாத ஒரு வேளையில், எந்தப் பக்கத்திலிருந்தும் வரக்கூடிய ஓர் எஞ்சினும் நாலைந்து வண்டிகளும், அல்லது ஏறத்தாழ ஓசையே இல்லாமல் இறக்கத்தில் உருண்டு வரும் ஒரு ட்ரொலியும்தான்.